பழைய பெட்டி பத்திரம்

கர்ர்… கர்ர்… டக்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு மெஷின் ஒரு கணுவைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நீட்டிய தம்ளரை வாங்காமல் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது கரும்பு இல்லை, பிளாப்பி. பழைய கம்ப்யூட்டர் ஒரு பிளாப்பியை வாயில் வாங்கி, மென்று, விழுங்கலாமா துப்பலாமா என்று யோசிக்கிற சத்தம்.

தாலுக்கா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் அண்ணனும் தங்கச்சி நானும் டைப்பிங் கடை வைத்திருந்தோம். அத்தா காலத்தில் அது செருப்புக் கடை. மழை நாளில் சுவர் இன்னும் தோல் வாசம் வீசும். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். என்னுடையது பழசு, தொண்ணூற்றெட்டாம் வருடத்து விண்டோஸ். வாடிக்கைக்காரர்களுக்கே அதன் பெயர் ‘தொண்ணூத்தெட்டு’தான். அண்ணனுடையது புதுசு, இன்டர்நெட், ஆன்டிவைரஸ், பாஸ்வேர்டு என்று மாப்பிள்ளை மிடுக்கோடு இருக்கும்.

எது பத்திரம் என்பதுதான் எங்கள் ஓயாத சண்டை. வீட்டில் சோறு பரிமாறும்போதும் நடக்கும்.

“என்னுதுல வாட்ச்மேன் இருக்கான். தெனம் அவனுக்குப் புது லத்தி வந்துகினே இருக்குது.” அப்டேட்டைத்தான் அண்ணன் லத்தி என்பார்.

“திருடன் வந்துகினே இருக்கறதாலதான லத்தி? என்னுதுல ஒரு தபா வைரஸ் வந்துருக்கா, சொல்லு.”

“பென் டிரைவ சொருவுனாலே இன்னான்னு கேக்குது உன் பொட்டி. வைரஸ் எந்த வழியா வரும், சொவரு ஏறிக் குதிச்சா?”

அண்ணன் சொன்னதில் நியாயம் ஜாஸ்தி. அவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. தொண்ணூத்தெட்டு காலையில் எழுந்ததும் பாஸ்வேர்டு கேட்கும். கேன்சலை அழுத்தினால், சரி வா என்று உள்ளே விட்டுவிடும். அதை நான் அவரிடம் மூச்சு விட்டதில்லை.

ரோட்டில் உட்காருகிற காலம் அது. இட ஒதுக்கீடு கேட்டு இந்த வாரம் ஒரு கூட்டம், அடுத்த வாரம் வேறொரு கூட்டம். எங்கள் ஜமாத்து ஊர்வலத்தில் அண்ணனும் கொடி பிடித்துவிட்டு, தொண்டை கட்டி, இரண்டு நாள் என்னோடு சண்டை போட முடியாமல் தவித்தார்.

அப்படி ஒரு மறியல் நாளில், மதியம் இரண்டு மணிக்கு அவள் வந்தாள். கல்வராயன் மலைக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பழங்குடி என்ற சாதிச் சான்றைக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு மூன்று மணிக்கு எதிரே தாலுக்கா ஆபீசில் ஆர்.டி.ஓ. முன்னால் விசாரணை. கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் பஸ் இல்லாமல், கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முடியெல்லாம் காய்ந்த கரும்புச் சோகைத் தூள்.

முந்தின வாரம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து தன் வம்சாவளியை டைப் அடிக்க வைத்தவள் அவள். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், இன்ன பட்டா நம்பர் என்று நாலு பக்கம். மலைக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு வருவாள், திருத்துவோம், மறுபடி போவாள். குறிப்பெழுதிய துண்டுச் சீட்டுகளை டைப் ஆக ஆகக் கிழித்துப் போட்டிருந்தோம். விட்டுப்போன ஒரு பெயரைச் சேர்த்து, பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி.

அன்றைக்கென்று பார்த்துத் தொண்ணூத்தெட்டு கண்ணைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து மெல்லிய கருகல் வாசம் வந்தது. நாலு பக்கத்தின் காப்பி ஒரே ஒரு பிளாப்பியில் இருந்தது. அதை அண்ணனின் கம்ப்யூட்டரில் போட்டேன்.

திரையில் தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக, ஏதோ கோழி கிளறிய குப்பை.

“போச்சு,” என்றார் அண்ணன். “வைரஸ். பேரையெல்லாம் தின்னுட்டு எலும்ப மட்டும் துப்பி வெச்சிருக்குது. தள்ளு, பிளாப்பிய அழிச்சிடறேன். இல்லன்னா என்னுதும் போயிடும்.”

நான் தள்ளி நின்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் நம்பினேன். என் எழுத்து என் பெட்டியை விட்டு வெளியே போனதே இல்லை. வெளியே போனால் அதன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

“இருங்க பாய்,” என்றாள் அவள். திரையில் விரலை வைத்தாள். “இந்த வரி பாதியில நிக்குது பாருங்க. எங்க தாத்தாவுக்கு அண்ணந்தம்பி இல்ல, கூட எழுத வேற பேரு இல்ல. அவுரு வரியும் அக்கா அடிக்கறப்ப இப்டித்தான் பாதியில நின்னுச்சு.”

குனிந்து பார்த்தேன். வரிக்கு வரி நடுவில் ஒரே கூட்டம்: கே, எஃப், டி, ஒரு அரைப்புள்ளி. மறுபடி கே, எஃப், டி, அரைப்புள்ளி. என் விரல்கள் மேஜையில் தானாக நடந்தன. ம. க. ன. புள்ளி.

“வைரஸ் இல்லண்ணே. மகன்.”

“எவன் மகன்?”

“எல்லார் மகனும். படி, இன்னார் மகன் இன்னார். எல்லாம் இருக்குது.”

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் எழுத்தின்மேல் தமிழ் ஃபான்டைப் போர்த்தித்தான் எழுதினோம். அண்ணனின் கம்ப்யூட்டரில் அந்தப் போர்வை இல்லை, அவ்வளவுதான். மேஜை டிராயரைக் கவிழ்த்துப் போட்டு, ஃபான்ட் இருந்த பிளாப்பியைத் தேடி எடுத்தேன். கர்ர்… கர்ர்… டக். ஃபான்டை ஏற்றி, ஃபைலை மூடித் திறந்ததும் பாட்டனும் முப்பாட்டனும் மழைக்குப் பிந்தின மலைச் சரிவு மாதிரி பச்சென்று எழுந்து நின்றார்கள். அவள் ஒவ்வொரு பெயராகத் தொட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணன்கூட ஒரு பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, நல்ல பேரு என்றார்.

விட்ட பெயரைச் சேர்த்து அடித்தேன். பிரிண்டர் இழுத்து இழுத்துத் தள்ளியது.

“அப்ப உன் பொட்டிதான் பத்திரம்னு சொல்லப்போற,” என்றார் அண்ணன். “வெளில எவனாலயும் படிக்க முடியாதில்ல.”

மனசு நிறைந்திருந்த நேரம், உண்மை வந்துவிட்டது. “பாஸ்வேர்டுல கேன்சல் அழுத்துனா அது யாரையும் உள்ள வுட்டுடும்ண்ணே.”

“இத்தினி வருசமா?”

“இத்தினி வருசமா.”

தாளை எண்ணிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. “எங்க மலையிலயும் வூட்டுக்குப் பூட்டு போடமாட்டோம் பாய். அவ்ளோ நல்லவங்கன்னு கீழ பேசிக்கறாங்க. இன்னா நல்லவங்க. திருடிக்கினு போறவனுக்குத் திரும்ப பஸ் கெடைக்காது.”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்போடு சுருக்கென்றும் இருந்தது. பல வருடச் சண்டையை ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள். என் பெட்டிக்குக் காவல் எதுவும் இருந்ததில்லை. அந்தப் பக்கம் யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் புதுசுக்குக் காவல் நின்ற அண்ணனும் பாட்டன் முப்பாட்டனைத் திருடன் என்று அழிக்கத்தானே பார்த்தார். யாருக்கு மார்க் போடுவது?

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவள் ரோட்டைத் தாண்டி ஓடினாள். நாலரைக்குத் திரும்பி வந்தபோது முகமே சொல்லிவிட்டது.

“ஒவ்வொரு பேரா படிச்சாருக்கா. தாத்தா பேர ரெண்டு தபா படிச்சாரு. சரியா இருக்குதாம். நாளைக்கு சர்ட்டிபிகேட் தர்றேன்னுட்டாரு.”

“ராத்திரிக்கு எங்க வூட்லயே தங்கிடேன். காலையில வாங்கிக்கினு போவலாம்.”

“இல்லக்கா, இப்பவே அம்மாகிட்ட சொல்லணும். காலையில வந்துடுவேன்.”

“ரோட்ட மறிச்சிருக்காங்களே, எப்டிப் போவ?”

“மறிச்சவங்களையே வண்டி கேக்கறேன்க்கா. அவங்களும் இந்த மாதிரி ஒரு எடத்துக்குத்தான உக்காந்துகினு இருக்காங்க.”