எனக்கு வந்த தலை

மண்ணுளிப் பாம்பைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது அதன் கனம்தான். வழவழவென்று, தண்ணீர்ப் பானையின் அடிப்பக்கம் போல ஜில்லென்று, எந்த அவசரமும் இல்லாமல் விரல்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டே இருக்கும். ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டில் மாடி கட்ட இறக்கிய ஆற்றுமணலோடு அது வந்து சேர்ந்தது. வால் மொட்டையாக, தலை போலவே இருப்பதால் எங்கள் தெருவில் அதற்கு 'ரெண்டு தலைப் பாம்பு' என்று பெயர். ஆறு மாதம் ஒரு தலை விழித்திருக்கும், அடுத்த ஆறு மாதம் மற்றது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு தலை என்று பங்கு போட்டுக்கொண்டோம். மூத்தவன் என்பதால் விழித்திருந்த தலை அவனுக்கு, தூங்குகிற தலை எனக்கு. தை பிறந்தால் என் முறை.

அது நக்கினால் குஷ்டம் வரும் என்று அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். காப்பாற்றியவர் அப்பா. பட்டு நெய்கிற வீட்டில் எலிதான் எமன். தறியில் ஏற்றிய பாவு நூலில் அது பல் வைத்தால் அந்தப் புடவை போனதுதான். "எலியைத் துன்ற ஜீவன், இருந்துட்டுப் போவட்டும். தறி கிட்ட மட்டும் கொண்டாராதீங்க" என்றார். பட்டுநூல் வைத்திருந்த மரப்பெட்டியில் மணல் நிரப்பி, மூடியில் நீளமாக ஒரு சந்து வெட்டி, தறியிலிருந்து கழித்துப் போட்ட அச்சை அதில் பொருத்திக் கொடுத்தார். சீப்பு மாதிரி நெருக்கமான அதன் கம்பிகள் வழியே காற்று போகும், பாம்பு போகாது.

எலிப்பொறியில் விழுந்த சுண்டெலிகளை அண்ணன் தலைதான் தின்றது. பொறாமையில் வெந்துபோனேன். ஆனாலும் என் தலைக்கு நான் குறை வைக்கவில்லை. தண்ணீர்க் கொட்டாங்கச்சியை அந்தப் பக்கமாகவே வைத்தேன், மணலைத் தட்டிவிட்டேன், எழுந்ததும் என்னை அடையாளம் தெரியவேண்டுமே என்று பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொன்னேன். வெளியே எடுக்கும்போது அண்ணன் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகத் தாங்கிக்கொண்டு முற்றத்தில் நடப்போம். எதிரே வந்தால் அம்மா, "பேஜாரு புடிச்ச பாம்பு, ஜல்தியா போய்க் கையைக் கழுவுங்க" என்று சுவரோரம் ஒதுங்குவாள்.

தை பிறந்தது. பொங்கல் போனது. என் தலை எழவில்லை. அண்ணனைக் கேட்டால், "தூங்கிகினு இருக்குது பாப்பா, எழுப்பாதே" என்பான். செத்துவிட்டதோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் பெட்டிக்குள் சட்டை கிடந்தது, முழுசாக, கிழியாமல். நெய்து இறக்கிய புடவையை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்ப்பாரே, அதேபோல நானும் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையில் வாய் திறந்திருந்தது, மேலே கண்ணாடிச் சில்லு மாதிரி இரண்டு குட்டி வட்டங்கள். மறுமுனையில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை, மொழுக்கென்று மூடியிருந்தது. அத்தனை மாதம் நான் கொஞ்சியது வாலை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அண்ணன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கண்ணு ரெண்டு இருக்குதில்ல, பாப்பா. ஆளுக்கு ஒண்ணு."

சித்திரையில் பாம்பை நாகநதிக்கரையில் கொண்டுபோய் விட்டோம். வலது கண் என்னுடையது. கடைசியாக மணலுக்குள் போனது என் பழைய தலை, அந்த வால்.

இப்போது எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்ட் இறக்குகிறார்கள். அதில் எந்தப் பாம்பும் வருவதில்லை. பெட்டியும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. போன வருஷம் வீட்டைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது, தெருப் பக்கம் பையனுக்கு, பின்கட்டு பொண்ணுக்கு என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதுவே அதிகம் என்று ஒரு சித்தப்பா வேறு சொன்னார். அண்ணன் எழுந்து வெளியே போய், தெருவில் நின்று வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"முன்பக்கம் ஜன்னல் ரெண்டு இருக்குதில்ல, பாப்பா" என்றான். "ஆளுக்கு ஒண்ணு."