சாம்பிள் இல்லாத விளையாட்டு

என் மாமா செங்கல் உடைத்துப் பிழைக்கிறார். கொத்தனார் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கோயமுத்தூரில் ஏசி அறை, சுழலும் நாற்காலி, பெரிய கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம்களை எடுத்து, புது வண்ணம் பூசி, செல்போனுக்கு ஏற்றபடி திரும்பச் செய்து கொடுக்கிற கம்பெனி அது. மட்டையால் பந்தைத் தட்டி, மேலே அடுக்கிய செங்கல்லை உடைக்கும் விளையாட்டு உலகத்துக்கே தெரியும். அதை மாமா எத்தனை விதமாகத் திரும்பச் செய்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. தங்கச் செங்கல், ஐஸ் செங்கல், தீபாவளிக்குப் பட்டாசுச் செங்கல். போன வாரம் போனில் கூப்பிட்டு, "இந்தத் தடவ மிட்டாய்ச் செங்கல் கண்ணு" என்றார். சந்தோஷம் மாமா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. சொந்த ஊர் கொமரலிங்கம். கம்ப்யூட்டர் படித்து முடித்ததும், திருப்பூரில் எங்கள் அப்பாவின் பனியன் கம்பெனியில் வந்து சேர்ந்தார். டீ-சர்ட்டில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது அவர் வேலை. வரைவது என்று சொல்வதுகூடத் தப்பு. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பும் சாம்பிள் சட்டையில் என்ன படம் இருக்கிறதோ, அதைக் கோடு பிசகாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் தொழிலே அப்படி. பையர் ஒரு சட்டை அனுப்புவார். அதைப் போலவே ஒன்று தைத்து அனுப்பி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆர்டர் கைக்கு வரும். எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டாகவே இருந்தது. அப்பா இரண்டு சட்டைகளையும் கட்டிலில் விரித்துப் போட்டு, வந்தது எது, நம்முடையது எது என்று என்னிடம் கேட்பார். நான் தடவிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். கடைசியில் தப்பாகச் சொன்னால் அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. உடனே எனக்கு ஐஸ்கிரீம். தப்பாகச் சொல்லிப் பரிசு வாங்கிய பிள்ளை ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. டச் போன் ஊருக்குள் வந்த புதிது. மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாமா தானாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். துணி பின்னுகிற எங்கள் நிட்டிங் ஷெட்டில் நூலிலிருந்து பிரிந்த பஞ்சு எந்நேரமும் பறந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு துணுக்குதான் அந்த விளையாட்டில் நாம். மின்விசிறிக்குத் தப்ப வேண்டும். சுற்றுகிற மிஷினின் ஊசிகளில் சிக்கினால் துணியோடு துணியாகப் பின்னிவிடும், அதற்கும் தப்பி ஷெட்டைக் கடக்க வேண்டும். சுடுவது கிடையாது, பாயிண்ட் கிடையாது. பொத்தானை அழுத்தினால் பஞ்சு கொஞ்சம் உப்பி மேலே போகும், விட்டால் இறங்கும். ஓர் ஊசி வரிசையைத் தாண்டுகிற வரைக்கும் நமக்கு மூச்சே வராது. சத்தத்தைக்கூட மாமா மிஷின் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்து வைத்திருந்தார்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். மிஷினெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் கொடுப்போம். பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மாமா பஞ்சு விளையாட்டை ஓடவிட்டதும் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒருவரின் மகள், "ஏட்டி, தள்ளுட்டி, இப்பம் என் முறை" என்று என்னையே இடித்துத் தள்ளினாள். முதலாளி மகள் என்ற மரியாதையெல்லாம் அந்தப் பஞ்சுக்கு முன்னால் பறந்துபோயிற்று.

அப்பா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எதப் பாத்து இதப் பண்ணுனே மாப்ள?"

"எதையும் பாக்கலீங்க மச்சான். நானா யோசிச்சதுங்க."

"பாக்காம எப்படிப் பண்ண முடியும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அப்பா கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபம். மச்சினனுக்கு இதில்தான் ஆசை என்று தெரிந்ததும், கோயமுத்தூரில் கேம் கம்பெனி வைத்திருந்த ஒருவரைத் தெரிந்தவர் மூலமாகப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதும் அவர்தான். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவருக்கு மட்டும் புடிச்சுதுன்னா முழுசா முடிச்சு வெளிய உட்டுரலாங்க்கா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அப்பாவுக்குப் பையர்களின் குணம் தெரியும்.

"சாம்பிளே இல்லாத பீஸக் கொண்டுபோய்க் காட்டுனா, எதோட வெச்சு ஒத்துப் பாப்பாரு மாப்ள? அவருக்குத் தெரிஞ்சது ஒண்ண மொதல்ல பண்ணிக் காட்டு. கை சுத்தமுன்னு தெரியோணுமல்லோ. உன்னுத அப்புறம் காட்டிக்கலாம்."

அக்கா புருஷனை மாமா எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. சரீங்க என்றார். பஞ்சைப் பாதியில் விட்டுவிட்டுச் செங்கல்லைத் திரும்பச் செய்ய உட்கார்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பழைய செங்கல் விளையாட்டு, இன்னொன்றில் மாமா செய்தது. கட்டிலில் சட்டையை விரிப்பாரே, அதே மாதிரிதான். வந்தவர் இரண்டிலும் மாறி மாறி ஆடினார். "எது நம்முளுதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார் அப்பா. அவர் தப்பாகச் சொன்னார். நான் கைதட்டினேன். அவரும் சிரித்துவிட்டு, அந்த இடத்திலேயே மாமாவை வேலைக்குக் கேட்டார். அவருக்கு வருகிற வேலையே இதுதானாம். பழைய கேமைக் கொடுத்து, அப்படியே புதிதாகச் செய்து கேட்கிறார்களாம்.

மாமா தயங்கித் தயங்கி, "சொந்தமா ஒண்ணு பண்ணியிருக்கேனுங்க" என்று பஞ்சைத் திறந்தார். வந்தவர் கொஞ்ச நேரம் ஆடினார். பஞ்சு ஊசியில் சிக்கிக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா எந்த கேம் மாதிரின்னு சொல்லி இத விக்கறது?"

"எது மாதிரியும் இல்லீங்க."

"அதத்தானுங்க தம்பி நானும் சொல்றேன்" என்றார் அவர், அன்பாகவே. அப்பா மாமாவைப் பார்த்து, நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல் தலையாட்டினார். அம்மா உள்ளேயிருந்து இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டாள். எல்லோரும் சாப்பிடப் போனோம்.

இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அப்பாவின் யோசனை தோற்றிருந்தாலாவது மாமா தன் பஞ்சோடு திரும்பி வந்திருப்பார். அது பலித்துவிட்டது. வீடே கொண்டாடியது. அப்படிக் கொண்டாடுகிறவர்களிடம் போய், எனக்கு இது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

கோயமுத்தூர் வேலைக்குக் கிளம்பும்போது மாமா, ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் விளையாட்டு இருக்கிறது, லீவுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பாவுக்கு ஆர்டர் நெருக்கடியில் அது ஞாபகம் இல்லை. சாம்பிள் சட்டை என்றால் ஏழு வருஷமானாலும் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார். எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர் போடுவதற்கு வந்த ஆள், இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்.

பொங்கலுக்கு மாமா வந்தார். காப்பியைக்கூடத் தொடாமல் நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். கையில் சிவப்பாக ஒரு பென் டிரைவ். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் தேடினார். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தேடினார். அப்பா வாசற்படியில் நின்று, துடைத்துவிட்ட விஷயத்தைச் சொன்னார்.

"அட, மறந்தே போயிட்டனே. அதுல முக்கியமா ஏதாச்சும் இருந்துதா மாப்ள?"

மாமா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"இல்லீங்க மச்சான். அதுல ஒண்ணுமில்லீங்க."

அப்பாவுக்கு நிம்மதி. மாமா பென் டிரைவை என் கையில் வைத்து, "நீயே வெச்சுக்க கண்ணு" என்றார். அதில் ஒரு கயிற்றைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பொங்கல் முடியும்வரை தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். மாமா ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே. அவர் பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை.