அரிசிக் கிடங்கில் ஒரு பழைய சொல்

சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த மறு வருடம், எங்கள் அரிசிக் கம்பெனியின் வெள்ளைக்கார மேலாளர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஆற்றோரத்தில் கிடங்கு, அதன் மாடியில் அலுவலகம். பிரிவுபசாரக் கூட்டங்களில் அதுவரை வெள்ளைக்காரர்கள் மட்டுமே பேசுவார்கள். கிராணிகளாகிய, அதாவது குமாஸ்தாக்களாகிய, நாங்கள் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்போம். தந்தையே, மன்னரே என்று அதில் எழுதியிருக்கும். இந்த முறை எங்களில் ஒருவரும் பேசலாம் என்றார்கள். எல்லாரும் சேர்ந்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்குக் காரணம் என் சனிக்கிழமைப் பழக்கம். அரை நாள் வேலை முடிந்ததும் சிராங்கூன் சாலை வீட்டுக்குப் போகாமல் நூலகத்துக்குப் போவேன். அங்கே பெரிய அகராதியில், பழைய ஆங்கிலச் சொற்கள் எப்படிப் பிறந்தன என்று படிப்பேன். ஜன்னலைக் குறிக்கும் விண்டோ என்ற சொல்லுக்கு ஆதியில் ‘காற்றின் கண்’ என்று பொருள். நம் பழந்தமிழிலும் ஜன்னலுக்குக் காலதர், அதாவது காற்று வரும் வழி, என்று பெயர். அதைக் கண்டுகொண்ட அன்று வீடுவரை நடந்தே போனேன், பேருந்து ஞாபகமே வரவில்லை.

“கூட்டத்துல எதைப் பத்திப் பேசப் போறீங்கண்ணே?” என்று தட்டச்சு செய்யும் பெண் கேட்டாள்.

“லார்டுங்கிற சொல்லைப் பத்தி.”

தட்டச்சு இயந்திரம் நின்றது. “துரையப் போய் பிரபுன்னு சொல்லப் போறீங்களா? இந்தக் காலத்துலயா? அதுக்கு மடலே பரவாயில்ல லா!”

யாழ்ப்பாணத்துக்காரரான தலைமைக் கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, முதன்முதலா எங்கட ஆள் ஒருத்தர் எழும்பிக் கதைக்கப் போறார். அங்கயும் காலில விழுந்தா, பிறகு ஒருத்தரும் எங்களை மதிக்க மாட்டினம்.”

“விழ மாட்டேன் ஐயா.”

“விழுந்தீங்க, ஒருத்தரும் கை தட்ட மாட்டோம். சொல்லிட்டேன்” என்றாள் அவள்.

அப்போதே விளக்கியிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லை நான் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. சரிபார்க்காததைப் பேசுவது என் வழக்கமில்லை.

கூட்டத்தன்று நல்ல மழை. மாடியில் இடம் போதாததால் கீழே கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மேலாளரும் மற்ற வெள்ளைக்காரர்களும் மனைவியரோடு இருந்தார்கள். எங்கள் ஆட்கள் பின்னால். தட்டச்சுப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஆங்கிலத்தில் பேசினேன். “ஐயா, உங்கள் லார்ட் என்ற சொல்லுக்குப் பிறப்பில் ‘ரொட்டிக் காவலன்’ என்றுதான் பொருள். லேடி என்றால் மாவு பிசைபவள்.”

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். “அப்ப நான் லேடி இல்ல, எனக்கு மாவே பிசையத் தெரியாது” என்று பின்னால் தட்டச்சுப் பெண் முணுமுணுத்தது கேட்டது. கை மட்டும் கட்டியபடியே இருந்தது.

“மூன்றாவதாக ஒரு சொல் இருந்தது, இப்போது வழக்கில் இல்லை. அந்தக் காவலனை அண்டிப் பிழைத்தவனுக்கு ‘ரொட்டி தின்பவன்’ என்று பெயர். ரொட்டி உங்களுக்கு எப்படியோ, அப்படி எங்களுக்கு அரிசி. இந்தக் கிடங்கில் அதைக் காப்பவர் யார்? வாசலில் காவல் நிற்கும் ஜாகா. குத்தூசியால் மூட்டையைக் குத்தி மணியைப் பார்ப்பவர். ஈரம் படாமல் தோளில் சுமப்பவர். ரசீது தட்டச்சு செய்பவர். உங்கள் அகராதி சொல்கிறபடி பார்த்தால், இங்கே லார்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.”

மேலாளர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். பிறகு எழுந்து, “அப்படியென்றால் இத்தனை வருடமும் ரொட்டி தின்றவன் நான்தான்” என்று சொல்லி முதல் ஆளாகச் சிரித்தார். வாசலுக்குப் போய் ஜாகாவின் கையைத்தான் முதலில் குலுக்கினார்.

கைதட்டல் பின்னாலிருந்துதான் கிளம்பியது. மேலாளர் எங்கள் வரிசைக்கு வந்து சேரும்வரை அது ஓயவில்லை.

தலைமைக் கிராணி என் தோளைத் தட்டினார். “லோர்ட் ஐயா, தேத்தண்ணி குடிக்க வாறியளோ?”

“அவருக்கு மட்டுமா? இங்க எல்லாரும் லார்டுதான், வரிசையில வாங்க” என்றாள் தட்டச்சுப் பெண்.

அதன்பின் எங்கள் கிடங்கில் யாருக்கும் வாழ்த்து மடல் எழுதவில்லை. யார் ஊர் திரும்பினாலும் எங்களில் ஒருவர் எழுந்து பேசினார்.