ஏழு பக்கப் பேச்சும் நல்ல தண்ணியும்

துடியலூரில் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் நல்ல தண்ணி வரும், அதுவும் ஒரு மணி நேரம். தெருவின் முதல் வீடு என்னுடையது. முதல் சொட்டு என் குழாயில்தான் விழும். உடனே நான் வாட்ஸ்அப் குழுவில் 'தண்ணி உட்டுட்டாங்க' என்று போட வேண்டும். அப்புறம்தான் தெரு குடத்தைத் தூக்கும். பீளமேட்டில் முப்பது வருடம் பம்ப் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவனுக்கு ஓய்வுக்குப் பின் தண்டோரா போடும் வேலையா என்று உள்ளூர எரிச்சல்.

அதனால், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அர்த்தமுள்ள வாழ்க்கை பற்றிப் பேசச் சொன்னபோது கொஞ்சம் துள்ளிவிட்டேன். ஏழு பக்கம் எழுதினேன். மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கூட்டத்தன்று அவளுக்கு மூட்டுவலி வந்துவிட்டது.

ஞாயிறு மாலை தெருவே மண்டபத்தில் இருந்தது. நான்காம் பக்கத்தில் என் போன் அதிர்ந்தது. மனைவிதான்: 'தண்ணி உட்டுட்டாங்க.'

ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் எதிரே நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும். இன்னும் மூன்று பக்கம் பாக்கி. நல்ல இடமெல்லாம் அதில்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறருக்குப் பயன்படுவதே வாழ்க்கை என்ற பகுதியைக் குரல் தழுதழுக்க வாசித்தேன். முதல் வரிசையில், தனியாக வசிக்கும் கடைசி வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல், போண்டா, டீ எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போனபோது தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. எங்கள் குடங்களை மட்டும் மனைவி நிரப்பி வைத்திருந்தாள்.

மறுநாள் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் தேவலை. கடைசி வீட்டு அம்மாதான் இரண்டு காலிக் குடங்களோடு வந்தார்.

"ஏனுங்க தம்பி, பழைய தண்ணி மிச்சமிருந்தா ரெண்டு கொடம் கெடைக்குங்களா? நேத்து தண்ணி வந்துச்சுன்னு பக்கத்தூட்ல சொல்றாங்க. உங்க மெசேஜ் இல்லாம எப்படிங்க வரும்? அவங்ககிட்ட சண்டையே கட்டிப்போட்டேனுங்க."

முப்பது வருட வேலையில் என் சொல்லை யாரும் இப்படி நம்பியதில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருங்கக்கா, நானே கொண்டு வாரனுங்க" என்றுதான் வந்தது.

நேற்றைய தண்ணீரில் இரண்டு குடம் நிரப்பித் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தேன். நான் பேசியபடியே வாழ்கிறவன் என்று அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டே வந்தார்.