உலர்த்தும் அறையில் மூன்று பிள்ளைகள்

போன செவ்வாய்க்கிழமை ஹட்டன் பஸ்ஸில் வந்திறங்கிய ஃபாக்டரி ஃபிட்டர், மருந்துச்சாலை வாசலில் நின்று, "மிஸ்ஸி, டீமேக்கர் ஐயா போயிட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியை நடத்திய டீமேக்கர் மாரிமுத்து ஐயாவிடம் வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாய் தெரியும். கொழுந்து சரியில்லையென்றால், "இது தேயிலையா, மாட்டுத் தீனியா?" என்று கொட்டிக் கவிழ்ப்பார். இந்த நினைவுக் குறிப்பில் இனி நான் சொல்வது உங்களில் பலருக்குத் தெரியாது.

ஐம்பத்தேழில் உலகையே சுற்றிய காய்ச்சல் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயங்களுக்கும் வந்தது. தோட்டத்து மருத்துவிச்சியாக நான் அதுவரை வருடத்துக்கு ஒன்றிரண்டு குறைமாதப் பிள்ளைகளைத்தான் பார்த்திருந்தேன். அப்போதோ, காய்ச்சலில் கிடந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஏழாம் மாதமே வலி கண்டது. கூரை ஒழுகும் லயத்துக் காம்பராக்களில் அந்தச் சிசுக்களின் உடம்பில் சூடு நிற்கவில்லை. அடுத்தடுத்துப் புதைத்தோம்.

தேயிலை உலர்த்தும் அறையில் ஓரமாக இடம் கேட்டு ஐயாவிடம் போனேன். "இது ஃபாக்டரி மிஸ்ஸி, பிள்ளைக்காம்பரா இல்ல" என்று விரட்டினார். மறுநாள் காலையில் அவரே ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், இயந்திரத்தின் வெப்பம் படும் சுவரோரம் பஞ்சு பரப்பிய மூன்று தேயிலைப் பெட்டிகள். மூன்று பிள்ளைகள் அவற்றில் ஒன்பது நாள் இருந்தன. ஒன்று பால் உறிஞ்சவும் பழகிவிட்டது. ஐயா போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்து, "மூச்சு விடுறான்யா!" என்பார்.

பத்தாம் நாள் தோட்டத்தை நிர்வகித்த துரை வந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டா தேயிலை போடுகிறாய் என்று கத்தினார். மூன்று பெட்டிகளையும் ஐயாவே தூக்கிவந்து, வாசலில் மழை படாத இடத்தில் வைத்தார். காம்பராக்களுக்குத் திரும்பிய மூன்றும் அந்த வாரத்துக்குள் இறந்தன.

அடுத்த வாரம் ஐயாவின் மனைவி கமலத்துக்குக் காய்ச்சல். அவருக்கும் ஏழாம் மாதம். காலையில் ஆண்பிள்ளை பிறந்தது. பூனைக்குட்டி போல அழுதது.

"ஐயா, தொர கொழும்புக்குப் போயிருக்காங்க. ஃபாக்டரிக்குக் கொண்டுபோயிருவோம்" என்றேன்.

"அந்த மூணையும் நான்தானே மிஸ்ஸி வெளிய வச்சேன்? எம்பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கதவத் தொறக்கிறது?"

"ஒங்க நியாயத்துக்கு எம்பிள்ளைதானா கெடச்சிச்சு?" என்று கமலம் படுக்கையிலிருந்து கதறினார். ஐயா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுப்படியில் பிள்ளையை என் மடியில் வைத்து அனல் காட்டினேன். மத்தியானத்துக்குள் பிள்ளை குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கமலம் அவருக்குச் சோறு போட்டார், பேசவில்லை.

சாவு வீட்டில் எல்லோரும் அவரை நேர்மையான மனிதர் என்றார்கள். கமலம் என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல மனுசன்னே எழுதுங்க மிஸ்ஸி. எம்பிள்ளையையும் சேத்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஐயாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது கதவைப் பற்றி அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. பிள்ளை என் கையில் இருந்தது. ஃபாக்டரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் அவர் உத்தரவுக்காகக் காத்து நின்றேன்.