பதிலில் தவறில்லை

எங்கள் அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர் வைத்த அந்த அறையில் அக்கா மார்க்கர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வேலை கேட்டு வந்திருந்தவர் அவர்; கேள்வி கேட்ட மூவரில் நானும் ஒருத்தி. சொந்த அக்கா இல்லை. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், ஒரே பெட்டியில், வருடக்கணக்காகச் சேர்ந்து போய்வந்த பழக்கம். தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டைக்காரர். அவருடைய கம்பெனி ஒரு பிரிவையே மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

டேட்டாபேஸ் பாதியில் நின்றுபோனால் எப்படி மீட்பது என்று நான் கேட்டேன். நாங்கள் யோசித்திராத ஒரு வழியைப் பலகையில் படம் போட்டுக் காட்டினார். அதன் பிறகு எங்கள் மேனேஜர், முப்பதைத் தாண்டாதவர், சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்: இங்கே எல்லோரும் இளைஞர்கள், உங்களால் ஒத்துப்போக முடியுமா? அக்காவும் ஆங்கிலத்திலேயே சொன்னார்: இதற்கு முன் எனக்கு இருந்த மூன்று மேனேஜர்களும் என்னைவிடச் சின்னவர்கள்தான், எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை, உங்களுக்கு இருக்குமா?

அவர் போனதும், "திறமை இருக்கிறது, நம் கலாசாரத்துக்குப் பொருந்த மாட்டார்" என்று மேனேஜர் முடித்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றுவரை என்னிடம் நியாயம் கிடையாது.

அன்று மாலையே அவருக்கு மறுப்புச் செய்தி போய்விட்டது. மறுநாள் ரயிலில் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை, அழுகையுமில்லை.

"இன்னாம்மா, எந்தக் கேள்விக்கு நான் தப்பா சொன்னேன்? அத மட்டும் சொல்லு."

"எதுவும் தப்பு இல்லக்கா."

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

ரயில் பெங்களூர் சேருவதற்குள் அதே கேள்வியை மின்னஞ்சலாக எங்கள் மூவருக்கும் அனுப்பிவிட்டார். பதில் போட வேண்டாம் என்றார் மேனேஜர். நான் போட்டேன், எல்லோருக்கும் போகும்படி: "எந்தப் பதிலும் தவறில்லை. உங்கள் வயதைப் பார்த்துத்தான் மறுத்தோம்."

முடிவு மாறவில்லை. அதன்பின் எந்த நேர்முகத்திலும் கேள்வி கேட்க என்னைக் கூப்பிடவில்லை. என் வருட மதிப்பீட்டில் 'குழு உணர்வு குறைவு' என்று எழுதினார்கள். அக்காவுக்கு ஐந்து மாதம் கழித்து வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே, ஓய்வு பெறும்வரை தலைக்குச் சாயம் பூசப் போவதில்லை என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பூசவுமில்லை.

இப்போது எனக்கு ஐம்பது. நான் இருந்த குழுவையும் கலைத்துவிட்டார்கள். போன வாரம் ஒரு நேர்முகத்தில், இன்னும் எத்தனை வருடம் வேலை செய்வதாக உத்தேசம் என்று ஓர் இளைஞர் கேட்டார். தமிழ்ப் பிள்ளை.

"இந்தக் கேள்விய எல்லார்கிட்டயும் கேக்கறீங்களா தம்பி, இல்ல எங்கிட்ட மட்டுமா?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவரோ மேசையைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை, சிரித்து மழுப்பவுமில்லை. இளைஞர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.