பிரேக் இல்லாத சைக்கிள்

களத்தில் மிளகாய் வத்தலைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் தம்பி மாரிமுத்துவோடு சைக்கிள் ஓட்டுகிற செல்வம் பேசினார். “அக்கா, விளாத்திகுளம் ரோட்டுல லாரி...” பக்கத்தில் நின்ற யாரோ போனை வாங்கி, தம்பி போய்விட்டான் என்று சொன்னார்கள்.

அவனோடு பந்தயம் ஓட்டிய நீங்கள் எல்லாரும், அவன் நினைவாகப் போடுகிற புத்தகத்துக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

பல வருசத்துக்கு முன்னால், மலேசியாவில் வட்ட மைதானத்துக்குள்ளேயே சுற்றி ஓட்டுகிற டிராக் பந்தயம் ஓட்டிவிட்டு அந்தச் சைக்கிளோடு வீட்டுக்கு வந்திருந்தான். அதில் பிரேக்கே இல்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஏலே, லாரி குறுக்க வந்தா எப்படிலே நிப்பாட்டுவ?”

“டிராக்குல ஏதுக்கா லாரி?” என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போனான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதை உருட்டிக்கொண்டு ஊர் சைக்கிள் கடைக்குப் போனேன். “பிரேக்கு மாட்ட ஓட்டையே இல்லாம செஞ்சிருக்கானுவளே தங்கச்சி, கோட்டிக்காரனுவ” என்றார் கடைக்கார அண்ணாச்சி. முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவையில் டிரில் போட்டு, பிரேக்கை இறுக்கிக் கொடுத்தார். நானும் பெருமையாகக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

தூங்கி எழுந்து வந்தவன் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “ஒரு கேரியரும் வச்சிருக்கலாம்லாக்கா? உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்” என்றான்.

ஓட்டை போட்ட கவை வேகத்தில் உடைந்துவிடும், அதோடு டிராக்கில் இறங்கக் கூடாது என்று கோச் சொல்லிவிட்டார். வேறு சைக்கிள் கிடைப்பதற்குள் டிராக் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிற அந்த வருசத் தேர்வு முடிந்துபோனது. சும்மா இருக்க முடியாமல் யாரிடமோ ரோட்டு சைக்கிளை இரவல் வாங்கி ரோட்டுப் பந்தயம் ஓட்டினான். அதில் ஜெயித்தான். அப்புறம் அவன் போன வெளிநாட்டுப் பந்தயம் எல்லாமே ரோட்டில்தான். இந்தக் கதையை அவனே உங்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பான்.

ஒரு மழைநாளில் கரிசல் மண் அப்பிச் சக்கரம் சுற்றாமல், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். “இன்னைக்கு இது என்மேல ஏறிட்டு வந்துச்சுக்கா” என்றான். எதையும் அப்படித்தான் சொல்வான்.

ஆனால் போனில் டிராக் பந்தயம் பார்க்கும்போது சிரிக்க மாட்டான். உட்கார்ந்த இடத்திலேயே கால் துடிக்கும். “திரும்ப அங்கனயே போயேம்லே” என்று ஒரு தடவை சொன்னேன். “வயசாயிட்டுக்கா. ரோட்டுலதான் நல்லா காத்து வருது” என்றான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் டிராக்கிலேயே இருந்திருந்தால் என்று நினைக்காமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

“ஏன்க்கா இப்படிச் செஞ்ச?” என்று அவன் என்னை ஒரு நாள் கேட்டிருக்கலாம். அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். கடைசி வரைக்கும் கேட்கவில்லை. பதக்கம், சட்டை எல்லாம் அவன் பெண்டாட்டியிடம் இருக்கின்றன. அவளிடம் இருப்பதுதான் நியாயம். அவன் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் வைத்திருக்கிறேன்.